‘சார்ஜ்’ என்றால் கேஸா, மின்சாரமா?

போன சித்திரையில் ஒரு பிற்பகல் எங்கள் வீட்டு ஏசி நின்றுபோனது. மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவனுக்கு அது எப்படிப்பட்ட பிற்பகல் என்று சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அயனாவரத்தில் இரண்டு தெரு தள்ளி ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பி வந்து பார்த்தார். வெளி யூனிட்டில் செம்புக் குழாய் சேருமிடத்தில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. “கேஸ் இறங்கிவிட்டது சார்” என்றவர், வழக்கத்துக்கு மாறாக, நிறுவல் கையேடு இருக்கிறதா என்று கேட்டார்.

காரணம் இருந்தது. பதினைந்து வருடமாக அவர் கை பழகியது ஆர்22 வாயுவில். எங்கள் வீட்டில் இருப்பது ஆர்32. பழையதைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு அழுத்தம். லேசாகத் தீப்பற்றும் குணமும் உண்டு. அவர் பத்தாவது வரை தமிழ்வழியில் படித்தவர், கையேடோ ஆங்கிலம். போன் கேமராவைப் பக்கத்தின் மேல் பிடித்தார். எழுத்துகள் ஒரு நொடி துள்ளித் தமிழாக மாறின. “கணினியை மின்னேற்றம் செய்வதற்கு முன்” என்று ஒரு வரி தொடங்கியது. அவர் என்னைப் பார்த்தார்.

“எந்தக் கணினி சார்?”

மூலத்தில் இருந்தவை ‘சார்ஜ்’, ‘சிஸ்டம்’ என்ற இரண்டு சாதாரணச் சொற்கள். ஏசி வேலையில் சார்ஜ் என்றால் கேஸ் நிரப்புவது. சிஸ்டம் என்றால் கம்ப்ரஸரில் கிளம்பிக் குழாய் வழியாகச் சுற்றி வரும் மொத்த ஏற்பாடு. இது அவருக்கு எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தில் அச்சாகியிருந்தது அவருக்குத் தெரிந்த அந்தச் சொல்தான் என்பது தெரியவில்லை. தமிழாக்கம் அதை அவரிடமிருந்து மறைத்துவிட்டது.

மொழிபெயர்த்தும் மெய்ப்புத் திருத்தியும் பிழைப்பவன் என்பதால் இது என்னை விடவில்லை. ஆங்கிலம் வாசிக்க வராத ஒருவருக்கு இணையத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ள இன்று பல வாசல்கள் திறந்திருப்பதாகச் சொல்கிறார்கள். எது தேறும்? ‘ஆர்32 ஏசிக்குக் கேஸ் நிரப்புவது எப்படி, பழைய முறையிலிருந்து எது மாறுகிறது’ என்ற அவருடைய ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, அவரும் நானும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வாசலாகத் தட்டினோம்.

முதலில் மொழிபெயர்ப்புச் செயலிகள். மூன்றை மாற்றி மாற்றிப் பார்த்தோம், பெயர் முக்கியமில்லை. பழைய நிலையோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் பெரிது என்பதை மறுக்க மாட்டேன். கூகுள் தன் மொழிபெயர்ப்பில் தமிழைச் சேர்த்தது 2011-ல். அன்றைய வாக்கியங்களைச் சிரிப்பதற்காகவே நண்பர்களுக்கு அனுப்புவோம். 2017-ல், ஏராளமான எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் நரம்பணு வலைப்பின்னல் முறை இந்திய மொழிகளுக்கும் வந்தபின் சிரிப்பு குறைந்தது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-ல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு மாதிரி, அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் வேலை செய்கிறது. வங்கிக் குறுஞ்செய்தி, ரயில் அறிவிப்பு, செய்திக் கட்டுரை எல்லாம் இப்போது கண்ணை மூடிக்கொண்டு படிக்கலாம்.

ஆனால் ஒரு தொழிலின் உள்ளே நுழைந்ததும் கால் தடுக்குகிறது. தொழிலாளிகள் வாயில் புழங்கும் சொல் இணைய எழுத்தில் அரிதாக இருப்பதால், இயந்திரம் பொதுப் பொருளை எடுத்துக்கொள்கிறது. சார்ஜ் மின்னேற்றம் ஆனது அப்படித்தான். இதைவிட மோசமான தவறுகள் கண்ணுக்குத் தெரியாதவை. ‘வெற்றிடமாக்கும் வரை வால்வைத் திறக்காதே’ என்பதற்கும் ‘வெற்றிடமாக்கும்போது வால்வைத் திற’ என்பதற்கும் நடுவே இருப்பது ஆங்கிலத்தில் இரண்டு சின்னச் சொற்கள். தமிழில் எதிர்மறை வினையின் வாலில் வரும்; நீண்ட வாக்கியத்தில் அந்த வால் அறுந்துபோனால் மிச்சம் இருப்பது அழகான, இலக்கணச் சுத்தமான, நேர்மாறான கட்டளை. கணினி என்ற சொல் வந்ததால் தம்பி சந்தேகப்பட்டார். வால் அறுந்த வாக்கியத்தைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்?

மனிதர்கள் பொறுப்பில் நடக்கும் மொழிபெயர்ப்பிலும் இதே சிக்கல் உண்டு. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுத்தை இருக்க வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ வந்தது அந்தத் தாளில்தான். 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போய், கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது தேர்வின் விதி. ஆங்கிலத்தைப் புரட்டிச் சரிபார்க்க முடிந்த மாணவருக்குத் தமிழ்த் தாள் எதற்கு என்று அந்த விதியை எழுதியவர்களிடம் கேட்க வேண்டும்.

அடுத்து யூடியூப். தம்பி இயல்பாகப் போகும் இடம் இதுதான். இங்கே மொழிச் சிக்கலே இல்லை. பேசுகிறவரும் மெக்கானிக்; கேஸ் அடிப்பது, வேக்கம் போடுவது (பம்ப் வைத்துக் குழாயை வெற்றிடமாக்குவது), கேஜ் (அழுத்தமானி) மாட்டுவது என்று கடையில் பேசுவதைத்தான் பேசுகிறார். நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை எந்தக் கையேட்டையும்விடக் கை அசைவு தெளிவாகக் காட்டிவிடுகிறது. இரண்டாவது வீடியோவிலேயே தம்பியின் முகம் தெளிந்தது.

மூன்றாவதில் எனக்கு உறுத்தியது. குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற வால்வை இரண்டு நொடி திறந்து கேஸாலேயே தள்ளிவிட்டால் போதும், வேக்கம் பம்பெல்லாம் வீண் செலவு என்றார் அந்த வீடியோக்காரர். அது ஆர்22 காலத்துக் குறுக்குவழி, அந்தக் காலத்திலும் சரியானதில்லை. காற்றும் ஈரமும் உள்ளே தங்கினால் கம்ப்ரஸரின் ஆயுள் குறையும். ஆர்32-ல் வெளியே விடுவது தீப்பற்றும் வாயு. எங்கள் கையேடு வேக்கம் பம்ப் கட்டாயம் என்று பெரிய எழுத்தில் சொல்கிறது. ஆக, கையேட்டில் முறை சரி, நமக்கு வந்து சேரும் மொழி தப்பு. வீடியோவில் மொழி சரி, முறை தப்பு. ஆங்கிலம் தெரியாதவர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்.

எல்லா வீடியோவும் அப்படி இல்லை. வேக்கம் போட்டு, கேஜ் முள் ஏறுகிறதா என்று காத்திருந்து காட்டியவர்களும் இருந்தார்கள். எது யோக்கியமானது என்பதைப் பிரித்துச் சொல்ல யூடியூபில் எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம். பார்த்தவர் எண்ணிக்கையை நம்பினால் குறுக்குவழிக்காரர்தான் ஜெயிப்பார். எனக்கு இன்னொரு சொந்தக் குறை. வேண்டிய ஒரு வரிக்காகப் பதினெட்டு நிமிடம் உட்கார வேண்டியிருக்கிறது, அதில் நான்கு நிமிடம் வணக்கம். தம்பிக்கு அது குறையாகவே படவில்லை. டீ குடித்துக்கொண்டே பார்த்தார்.

எழுதப்பட்ட தமிழ் அறிவுக்கு வருகிறேன். இதில் எனக்குப் பாசம் அதிகம், அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். ஆங்கிலத்தில் 70 லட்சம் என்பதைப் பக்கத்தில் வைத்தால் மனம் சுருங்கும். ஆனாலும் சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் எழுதியவர்களின் உழைப்பு அது. ஊர், கோயில், சங்க இலக்கியம், உயிரினம் என்று தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவது அரிது.

தம்பி வெறுங்கையோடுதான் திரும்பினார். அங்கே ஒன்றும் இல்லை என்பதால் மட்டும் இல்லை. அவர் ‘கம்ப்ரஸர்’ என்று தேடுகிறார். பாடநூல் தமிழ் அதை ‘அமுக்கி’ என்கிறது. அவருக்குக் ‘கேஸ்’, எழுத்துக்குக் ‘குளிர்பதனப் பொருள்’. கலைச்சொல் ஆக்கியவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் அந்தப் பாவத்தைச் செய்பவன்தான். ஆனால் பட்டறைச் சொல்லைப் பக்கத்திலேயே போட்டு வைக்காத கலைச்சொல், தமிழனுக்கும் தமிழுக்கும் நடுவே இன்னொரு சுவர் எழுப்புகிறது. ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையவழிப் பாடங்கள் பலவற்றின் எழுத்துவடிவம் தமிழிலும் வந்திருக்கிறது. பொறியியல் மாணவருக்கு அது பெரிய வரம். கசியும் மூட்டுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உதவாது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் இரண்டாம் தளம் முழுக்கத் தமிழ் நூல்கள்தான், ஒரு நாள் போகலாம் என்றேன். “கடையை யார் சார் பார்ப்பது?” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியை நான் தயக்கத்தோடுதான் திறந்தேன், தம்பி தயங்கவே இல்லை. தட்டச்சு வேண்டாம், பேசினால் போதும் என்றதும் போனை வாயருகே கொண்டுபோய், கடைப் பையனிடம் கேட்பதைப் போலவே கேட்டார். ‘கேஸ் அடிக்க’ என்பதை அது சரியாகப் புரிந்துகொண்டது. வேக்கம் பம்ப், கசிவுச் சோதனை, எடை போட்டு நிரப்புவது, பக்கத்தில் தீ கூடாது என்று வரிசையாக வந்த பதிலில் நான் திருத்த ஒன்றும் இல்லை. புரியாததைத் திருப்பிக் கேட்க முடிகிறது என்பதே, பார்த்த மற்ற எதிலும் இல்லாத வசதி. இந்த இடத்தில் என் வாக்கு அதற்குத்தான் விழுந்திருக்கும்.

பிறகு அவர், எங்கள் வீட்டு ஒன்றரை டன் ஏசிக்கு எத்தனை கிராம் என்று கேட்டார். யோசிக்காமல் ஒரு எண் வந்தது. வெளி யூனிட்டின் பக்கவாட்டுத் தகட்டில் அச்சாகியிருந்தது வேறு எண். முந்தைய சரியான பதில் எந்தக் குரலில் வந்ததோ, அதே நிதானமான, மரியாதையான குரலில்தான் இந்தத் தவறும் வந்தது. மொழிபெயர்ப்புச் செயலியின் கொச்சைத் தமிழாவது ‘என்னை நம்பாதே’ என்று தன் வாயாலேயே சொல்லிவிடுகிறது. இதன் தமிழ் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை.

வெளியே தெரியாத இன்னொரு சமமின்மையும் இதில் உண்டு. கணினி ‘அம்மா’ என்பதைச் சேமிக்க அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள் வேண்டும், யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 15. அதே ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதினால் 4 பைட். அரட்டைச் செயலிகளின் உள்ளே இருக்கும் மொழி மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்தே நறுக்கக் கற்றவை என்பதால் தமிழ் அதிகத் துண்டுகளாகச் சிதறும். பயன்படுத்தக் கிடைக்கும் அளவு துண்டுக் கணக்கில் என்பதால் தமிழில் கேட்பவருக்கு அது சீக்கிரம் தீர்கிறது. புதிய மாதிரிகளில் இடைவெளி குறைந்திருக்கிறது, ஆனாலும் இருக்கிறது.

கடைசி வழி, பேசாமல் ஆங்கிலம் கற்றுக்கொள்வது. இதை அறிவுரையாகச் சொல்பவர்கள் மேல் எனக்கு நீண்ட நாள் எரிச்சல். நாற்பது வயதில், வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு ஏழு வீடு ஏறி இறங்குகிறவரிடம் சொல்லிப் பார்க்கட்டும். ஆனால் கையேட்டை மறுபடி புரட்டியபோது ஒன்று புலப்பட்டது. அதில் இருக்கும் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை அவருக்குக் காதால் தெரிந்தவை: வால்வு, கேஜ், ஃப்ளேர், நைட்ரஜன், லீக். கண்ணுக்குத்தான் பழக்கமில்லை. உண்மையில் தெரியாதவை ‘அன்லெஸ்’, ‘அன்டில்’, ‘நெவர்’, ‘ஒன்லி’ போன்ற பொடிச் சொற்கள். ஆபத்து முழுக்க அவற்றில்தான் இருக்கிறது. மொத்தம் எண்ணினேன், அறுபதுக்குள் அடங்கியது.

ஒரு நாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் ஆங்கில எழுத்தில் சொல், நடுவில் தமிழ் எழுத்தில் ஒலி, வலது பக்கம் அவர் வாயில் புழங்கும் பொருள் என்று எழுதிக் கொடுத்தேன். அமுக்கிக்கு அதில் இடம் தரவில்லை.

ஆகவே என் கணக்கு இது. தம்பிக்கு அரட்டைச் செயலி முதல், அதன் பதிலில் எண் வந்தால் தகட்டைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. கை வேலைக்கு வீடியோ, கையேட்டோடு முரண்பட்டால் வீடியோவை விட்டுவிட வேண்டும். முரண்படுகிறதா என்று கண்டுபிடிக்க அந்த நோட்டு. பதினொன்றாவது படிக்கும் அவர் மகளுக்கு வரிசை வேறு: பாடநூலின் கலைச்சொல் அவளுக்குப் பழக்கம் என்பதால் விக்கியும் மின்னூலகமும் முன்னுக்கு வரும். என் அம்மாவின் மாத்திரைச் சீட்டுக்கு இவற்றில் எதையும் நம்ப மாட்டேன். தெருமுனை மருந்துக் கடைக்காரரிடம்தான் கேட்பேன். மொழிபெயர்ப்புச் செயலியை மிக நன்றாகப் பயன்படுத்துகிறவன் நான்தான், பாதி நேரம் அது எனக்குத் தேவையே இல்லை.

ஐப்பசியில் சர்வீஸுக்கு வந்தபோது நோட்டு அவர் பைக்குள் எண்ணெய்க் கறையோடு இருந்தது. ‘சார்ஜ்’ வரிக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ‘கேஸ், போன் இல்லை’ என்று இருந்தது. பக்கத்தைத் திருப்பி இன்னொரு வரியைக் காட்டினார். ‘பர்ஜ்’ என்பதற்கு நான் ‘கேஸை வெளியே விடுவது’ என்று எழுதியிருந்தேன்.

“இங்கே உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளி வெளியேற்றச் சொல்கிறார்கள் சார், கேஸை இல்லை. நீங்கள் தப்பாக எழுதிவிட்டீர்கள்” என்றார்.

பேனாவைக் கொடுத்தேன். அவரே அடித்துத் திருத்திக்கொண்டார்.