கரடிக்கு வாய் வேண்டுமா, கை வேண்டுமா?

கோத்தகிரியில் எங்கள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். கதை வாசிப்போம். அவர்கள் விடாமல் கேட்கும் படப்புத்தகம் ஒன்றில் ஒரு கரடி வரும். நம் மலைக் கரடிதான்: நீண்டு வெளிறிய மூக்கு, சடை விழுந்த கறுப்பு ரோமம், நெஞ்சில் மாலை போட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. ராத்திரியில் ஊருக்குள் இறங்கும். ஒவ்வொரு வாசலிலும் எதையாவது எடுத்துப் பார்த்து, முகர்ந்து, திரும்ப வைத்துவிட்டுப் போகும். இதைக் கைப்பொம்மையாக்க ஒன்றரை வருடத்தில் மூன்று விதமாக முயன்றேன். நான் வீணாக்கிய துணியையும் பசையையும் நீங்களும் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கைப்பாவை என்று சொல்லலாம்தான். அரசியல் மேடைகள் அந்தச் சொல்லை வசவாக்கிவிட்டதால் கைப்பொம்மை என்றே வைத்துக்கொள்கிறேன். இதில் பெரிய குடும்பங்கள் இரண்டு. ஒன்று கையுறை வகை: ஆள்காட்டி விரல் தலைக்குள், கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு கைகளுக்குள். பாலக்காட்டுப் பொம்மலாட்டமான பாவக்கதகளி இந்த வகைதான். செதுக்கி வண்ணம் தீட்டிய மரத்தலை, அதன் கீழே கையை மறைக்கும் உடை. இன்னொன்று வாய் வகை: நான்கு விரல்கள் மேல்தாடையில், கட்டைவிரல் கீழ்த்தாடையில். 1955இல் அமெரிக்கப் பொம்மலாட்டக்காரர் ஜிம் ஹென்சன் தன் அம்மாவின் பழைய கோட்டை வெட்டி, பிங்பாங் பந்தைப் பாதியாக்கிக் கண்ணாக வைத்துச் செய்த கெர்மிட் என்ற பொம்மை இதில் சேரும். முதலாவதற்குக் கை உண்டு, வாய் அசையாது. இரண்டாவது நன்றாகப் பேசும், ஆனால் உங்கள் கை முழுக்க வாய்க்கே போய்விடும். அதன் கைகள் சும்மா தொங்கும். குச்சி கட்டி ஆட்டலாம். அதற்கு உங்கள் இன்னொரு கை வேண்டும். அப்புறம் புத்தகத்தை யார் பிடிப்பது?

பார்க்கக் கவர்ச்சியானது வாய் வகை என்பதால் முதலில் அதில் இறங்கினேன். குஷன் கடையில் அரை அங்குல நுரை ஷீட் வாங்கி மண்டையை வெட்டினேன். வாய்க்கு உள்ளே மடங்கும் தகடு ஒன்று வேண்டும். அட்டை போட்டேன், உள்ளங்கை வியர்வையில் இரண்டே வாரத்தில் கசங்கிவிட்டது. பழைய பிளாஸ்டிக் ஃபைலை முட்டை வடிவில் வெட்டி, நடுவே துணிப்பட்டையால் கீல் வைத்த பிறகுதான் நின்றது. தகட்டில் விரல் நுழைய எலாஸ்டிக் பட்டையும் கட்டாயம். இல்லாவிட்டால் வாயைத் திறக்கும்போது விரல் வழுக்கி, மேல்தாடை அப்படியே கிடக்கும்.

மலையில் பெரிய தொல்லை பசைதான். நுரைக்கு ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, சற்றே உலரவிட்டு, அழுத்த வேண்டும். பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். மூடுபனி வீட்டுக்குள்ளேயே உலாவுகிற நாளில் அந்தக் குளிர்ந்த பரப்பில் ஈரம் படிந்து, ஒட்டியது உரிந்து வரும். எனக்கு மண்டை இரண்டு முறை பிளந்தது. வெயில் அடித்த ஒரு பகலில், அந்த வாடைக்காக ஜன்னலையும் திறந்து வைத்து ஒட்டியபோது பிடித்துக்கொண்டது. மேலே சடை ரோமத் துணி. அதைக் கத்தரியால் வெட்டினால் ரோமமும் சேர்ந்து போய் மொட்டையடித்த மாதிரி ஆகிவிடும். பின்பக்கத்திலிருந்து பிளேடால் துணியை மட்டும் கீற வேண்டும், ரோமம் கீழ்நோக்கி விழும்படி.

இருபது நாள் வேலை. கரடி அச்சு அசல் புத்தகத்துக் கரடி. முதல் சனிக்கிழமை அது வாயைப் பிளந்து "வணக்கம் பிள்ளைகளா" என்றது. ஏழு வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, புக்குல இது பேசவே பேசாதே?"

உண்மைதான். புத்தகம் முழுக்க அந்தக் கரடி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எடுக்கும், முகரும், வைக்கும். அதன் குணமெல்லாம் கையில் இருக்கிறது. நான் செய்து வைத்திருந்ததோ கை தொங்கும் வாயாடி. துணி வாங்கும் முன் புத்தகத்தை ஒருமுறை திருப்பி, இந்த ஆள் பக்கத்துக்குப் பக்கம் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்க வேண்டும். வளவளவென்று பேசுகிற தவளையாக இருந்தால் வாய் வகைதான் சரி, சந்தேகமே இல்லை.

சரி, கையுறை வகைக்கு மாறினேன். மூன்று விரலையும் விரித்துக் காகிதத்தில் வைத்து வரைந்து, சுற்றிலும் இரண்டு செ.மீ. விட்டால் சாதாரணத் துணிக்குப் போதும். ரோமத் துணி தடிமன் என்பதால் மூன்று விட்டேன். கைகளை நேரே பக்கவாட்டில் நீட்டித் தைத்தால் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நிற்கும். கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால்தான் இரண்டு கையும் ஒன்று சேரும். உடை முழங்கை வரை வரட்டும், இல்லையென்றால் கரடி கையைத் தூக்கும்போதெல்லாம் உங்கள் ஸ்வெட்டர் எட்டிப் பார்க்கும். இந்தக் கரடி தீப்பெட்டியைத் தூக்குகிறது, கண்ணைப் பொத்திக்கொள்கிறது, தலையைச் சொறிகிறது. வாய் வகையால் இதில் ஒன்றுகூட முடியாது.

அடுத்தது தலை. காகிதக் கூழா, துணியா? எனக்குக் கூழின் மேல்தான் ஆசை. முறத்துக்குப் பூச என் பாட்டி அரைத்த அதே கூழ், ஊறவைத்த காகிதமும் வெந்தயமும். ஆனால் அதை ஐப்பசியில் செய்தது மடத்தனம். வடகிழக்குப் பருவமழையை இந்தப் பக்கம் நன்றாகவே வாங்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை துவைத்த துணியே காயாது. பத்தாம் நாள் கரடியின் காதுக்குள் பச்சைப் பூசணம். புத்தகம் பைண்ட் செய்கிற பசையில் மயில்துத்தம் கலப்பார்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது விஷம். பிள்ளைகள் வாயில் வைக்கிற பொருளுக்கு வேண்டவே வேண்டாம். மாசியில் மறுபடி செய்தேன். வறண்ட குளிரும் வெயிலும் சேர்ந்து நாலே நாளில் கல்லாகக் காய்ந்தது. மூக்கின் சுருக்கம்கூட அப்படியே வந்தது. அழகில் மூன்றில் அதுதான் முதல். ஆனால் சமையலறைத் தராசில் 190 கிராம். கதை கால் மணி நேரம் ஓடும், எட்டாவது நிமிடமே ஆள்காட்டி விரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. மரத்தலையைத் தாங்கி ஆட்டுகிற பாவக்கதகளிக் கலைஞர்கள் மேல் அன்றைக்கு எனக்கு வந்த மரியாதை தனி.

துணித் தலை 60 கிராம்தான். பழைய கறுப்பு ஸ்வெட்டரின் முதுகுப் பக்கத்தை வெட்டி, தலையணைப் பஞ்சை அடைத்து, நடுவில் விரலுக்கு ஒரு துணிக்குழல் தைத்தேன். மூக்குக்குக் கம்பளித் துண்டு. கண்ணுக்குப் பித்தான், இழுத்தாலும் வராதபடி இரட்டை நூலில். மேல்வரிசைப் பற்களில் நடுவே இரண்டை விட்டுவிட்டேன். நம் கரடிக்கு உண்மையிலேயே அந்த முன்பற்கள் இரண்டும் கிடையாது. கறையானை உறிஞ்சி இழுக்க அந்தச் சந்துதான் வழி. பால் பல் விழுந்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னதும் ஒரே கொண்டாட்டம். ஆளாளுக்கு வாயைத் திறந்து கரடியிடம் காட்டினார்கள்.

காலுறையில் செய்வது ஒரு மணி நேர வேலை, செலவே இல்லை. ஆனால் என்ன செய்தாலும் பாம்பாகவே தெரியும். குரோஷா பின்னத் தெரிந்தவர்கள் இங்கே வீட்டுக்கு ஒருவர் உண்டு. அழகாகத்தான் வரும், ஆனால் விரல் பட்டுப் பட்டுத் தளர்ந்துவிடும், உள்ளே லைனிங் இல்லாமல் பயனில்லை. இங்குள்ள தோடர் பழங்குடிகளின் பூத்தையல் துணியில் கரடிக்குச் சால்வை போடு என்றாள் ஒரு தோழி. கறுப்பும் சிவப்புமாக இழை எண்ணித் தைக்கிற, 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. எச்சில் படும் பொம்மைக்கு எனக்கு மனம் வரவில்லை.

பார்த்துவிட்டுப் பத்துப் பொம்மை செய்து விற்கலாமே என்றவர்களும் உண்டு. வீட்டில் கதை சொல்ல ஒன்று தைப்பது வேறு, கடை போடுவது வேறு. அந்த உருவம் ஓவியருக்கோ பதிப்பகத்துக்கோ உரியது. நம் சட்டப்படி படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு அந்த உரிமை நிற்கும். கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கினால் செய்யலாம்.

இன்னொரு விஷயம், இது சமவெளியில் இருப்பவர்களுக்கு எழாது. இங்கே கரடி வெறும் கதை இல்லை. விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிக்கக் கோயிலுக்குள் புகுந்தது என்று செய்தி வரும். தேயிலை பறிக்கப் போகிறவர்கள் செடிகளுக்கு நடுவே நேருக்கு நேர் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஓர் அம்மாவின் பையன், நுரைக் கரடி வாயைப் பிளந்த அன்று கதவோரமே நின்றான். நிஜக் கரடியின் நகம் விரல் நீளம் இருக்கும். துணிக் கரடிக்கு அரிசி மணி அளவுக்கு வெட்டினேன். மூன்றாவது வாரம் அவனே வந்து அதற்குள் கையை விட்டான், ஒன்றும் பேசாமல் என் கண்ணாடியைக் கழற்றி முகர்ந்து பார்த்துத் திரும்ப மாட்டினான்.

காகிதத் தலை இப்போது அலமாரியில் இருக்கிறது, மழைக்காலத்தில் மட்டும் அடுப்புப் பக்கம் இடம் மாறும். நுரைக் கரடிக்கு மஃப்ளர் கட்டி வேறு பெயர் வைத்தாயிற்று. கதை தொடங்கும் முன் வந்தவர்கள் பெயரைக் கூப்பிடுவது அதன் வேலை. "உள்ளேன் ஐயா" என்று அதற்குப் பதில் வருகிறது. நான் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.