பெங்களூரு கண்டோன்மென்ட் – மதுரை வந்தே பாரத்: சேலத்துக்குச் சரி, மதுரைக்கு?

2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய வண்டி இது. கிருஷ்ணராஜபுரம் (கே.ஆர்.புரம்), சேலம், நாமக்கல், கரூர், திருச்சி, திண்டுக்கல்லில் நிற்கும். செவ்வாய் கிடையாது.

பெட்டியில் குறை சொல்ல அதிகம் இல்லை. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் வேலை, அரசுத் தொழிற்சாலை என்றால் முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். தனி எஞ்சின் இல்லை, மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. அதனால் நின்று கிளம்பினாலும் சட்டென்று வேகம் பிடிக்கும். சேர் காரில் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று இருக்கை. இவை திரும்பாது, கட்டணம் கூடிய எக்ஸிகியூட்டிவ் வகுப்பில்தான் திருப்பலாம். பின்னோக்கி உட்கார்ந்தால் தலைசுற்றுபவர்கள் இதை யோசித்துக்கொள்ளவும்.

சிக்கல் பாதையில். கரூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு நேர் பாதை சுமார் 75 கி.மீ.தான். இந்த வண்டியோ திருச்சியைச் சுற்றிப் போகிறது. தூரம் இரு மடங்குக்கும் மேல். கட்டணம் கிலோமீட்டர் கணக்கு என்பதால் அந்தச் சுற்றுக்கும் சேர்த்தே காசு. மதியம் ஒன்றரைக்குக் கிளம்பினால் மதுரை சேர இரவு பத்தை நெருங்கிவிடும். பகல் பொழுது முழுக்கப் போச்சு. மதுரைக்காரர்களுக்கு இரவு ஓடும் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பரே மேல்: பணமும் மிச்சம், பகலும் மிச்சம். சேலம், நாமக்கல், கரூர், திருச்சி போகிறவர்களுக்கு இந்த வண்டி வரப்பிரசாதம். எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் பஸ்ஸில் மாட்டாமல் மூன்றரை மணி நேரத்துக்குள் சேலம்.

அல்சூர், மர்பி டவுன் பக்கம் இருப்பவர்களுக்குக் கண்டோன்மென்ட். வைட்ஃபீல்டுக்காரர்கள் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் கே.ஆர்.புரம் வந்து ஏறலாம்; மெட்ரோவும் ரயில் நிலையமும் பக்கத்திலேயே. ஆனால் அங்கே சில நிமிடமே நிற்கும், பெட்டி எண் பார்த்து முன்கூட்டியே நின்றுகொள்ளவும். தானியங்கிக் கதவு மூடினால் மூடியதுதான். வழியனுப்ப வந்தவர் உள்ளே ஏறி சாமான் வைத்தால் சேலம் வரை போக வேண்டிவரும்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே, காலை 8 மணிக்குத் திறக்கும். தட்காலுக்கு முந்தைய நாள் காலை 10 மணி, ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பதிவு செய்யும்போது உணவு வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தால் கட்டணம் குறையும். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர்களுக்கு அதுதான் லாபம்.