தொப்பூர் இறக்கத்தில் எந்த யோசனை எடுபடும்?

மோதலில் காரைக் காப்பாற்ற விநோதமான யோசனைகள் நிறைய வந்திருக்கின்றன. தர்மபுரிக்காரன் அவற்றிடம் முதலில் கேட்பது, அடி எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்பதைத்தான்.

ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் காட்டிய வெளிக் காற்றுப்பை கதவுக்குக் கீழிருந்து விரிகிறது. கேமராவும் ரேடாரும் மோதலை முன்கூட்டியே கணிக்க, 280 முதல் 400 லிட்டர் பை உப்பிவிடும். கதவுக்கும் நம் இடுப்புக்கும் இடையே இருப்பது ஒரு சாண்கூட இல்லை என்பதால் நல்ல யோசனைதான். ஹைவேயைக் குறுக்கே கடக்கிற ஊர்களில் உதவும். ஆனால் இங்கே பைக்குகள் உரசிக்கொண்டே போகும். அதையும் மோதல் என்று கணித்துவிட்டால்?

மெர்சிடிஸ் 2009-இல் காட்டிய சோதனைக் காரில் பை அடிவயிற்றில் இருந்தது. மோதல் நிச்சயம் என்றானதும் விரிந்து, ரோட்டைத் தேய்த்து வேகத்தைக் குறைக்கும். முன்னால் இடிப்பதற்கு இது சரி. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர் மலைப்பாதையில் சேலம் பக்கம் இறங்கும்போது ஆபத்து முதுகுக்குப் பின்னால் வருகிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல்போன லாரி அது. அங்கே சடாரென்று நின்றால் இன்னும் மோசம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ராத்திரியில் கதை வேறு. டெயில் லைட் இல்லாமல் ஓரங்கட்டிய லாரிக்கு அடியில் கார் புகுந்துவிடும். 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் அரை மீட்டருக்குள் நின்றால் உடம்பில் சுமார் 28 ஜி, அதாவது உடல் எடையைப்போல 28 மடங்கு விசை விழும். ஒரு மீட்டர் கிடைத்தால் 14 ஜிதான். அந்த ஒரு மீட்டரைத் தர வேண்டிய பானெட் லாரியைத் தொடவே இல்லையென்றால், முன்கண்ணாடியின் ஓரத் தூணும் தலையும்தான் லாரியில் மோதும். அதனால் என் ஓட்டு லாரியின் பின்னால் தாழ்வாகப் பொருத்தும் வலுவான தடுப்புக் கம்பிக்கு. பழைய யோசனைதான். 1967-இல் நடிகை ஜெயின் மேன்ஸ்ஃபீல்டு இப்படி இறந்த பிறகு அமெரிக்காவில் அந்தக் கம்பிக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது.

தொப்பூருக்கு அதுவும் போதாது. அங்கே வேண்டியது மேட்டை நோக்கிப் பிரிகிற, உருண்டைக் கூழாங்கல் கொட்டிய தனிப்பாதை. சக்கரம் புதைந்து லாரி தானாக நிற்கும். கூர்ஜல்லி போட்டால் இறுகிவிடும், புதையாது.

இன்னொரு யோசனையான பின்னோக்கிய இருக்கை மட்டும் இன்றைக்கே கடையில் கிடைக்கிறது, குழந்தைகளுக்கு. முன்பக்க மோதலில் கழுத்தைக் காக்கும். பின்னால் இடித்தால் அந்தளவு இல்லை. ஏர்பேக் வேலைசெய்யும் முன் சீட்டில் மட்டும் அதை மாட்டவே கூடாது.