மின்வாகனம்: கடனா, லீஸா, பேட்டரி வாடகையா?

மின்வாகனம் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு கட்டணும்?" என்றுதான். வாகனக் கடன் கோப்புகளோடே பல வருடம் கழித்துவிட்ட எனக்கு அதற்கு முன்பே வேறொரு கேள்வி வந்துவிடும். நான்கு வருடம் கழித்து இந்த வண்டி என்ன விலைக்குப் போகும்? குறைந்து போனால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? கடன், லீஸ் (மாதக் கட்டணத்துக்கு வண்டியை எடுத்து, காலம் முடிந்ததும் திருப்பித் தருவது), பேட்டரி வாடகை மூன்றும் பிரிகிற இடம் இதுதான்.

பெட்ரோல் வண்டி எப்படித் தேயும் என்பது கடன் கொடுப்பவர்களுக்குப் பழகிப்போன கணக்கு. மின்வாகனத்தில் விலையின் பெரும்பங்கு பேட்டரிக்குப் போகிறது, அந்தப் பேட்டரியோ மலிவாகிக்கொண்டே வருகிறது. எரிசக்தி ஆய்வு நிறுவனமான ப்ளூம்பெர்க் என்இஎஃப் அறிக்கைகளின்படி, பேட்டரி பேக்கின் சராசரி விலை 2022ல் கொள்ளளவின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 151 டாலர், 2024ல் 115 டாலர். புது வண்டி வாங்குபவருக்கு இது நல்ல செய்தி. நேற்று வாங்கியவருக்கு அப்படி இல்லை.

கடனில் வண்டியும் உங்களுடையது, விலைச் சரிவும் உங்களுடையது. முன்பணத்தைக் குறைத்து ஏழு வருடத் தவணை போட்டால், பாதி வழியில் கடன் பாக்கி வண்டியின் விலையைத் தாண்டி நிற்கலாம். அப்போது விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஆனால் எட்டு, பத்து வருடம் அதே வண்டியை ஓட்டப்போகிறவருக்கு மறுவிற்பனை விலை பெரிய விஷயமே இல்லை. எரிபொருளிலும் பராமரிப்பிலும் மிச்சமாவது முழுக்க அவர் கையில் நிற்கும். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருவதால் கடன் காலமும் அதற்குள் அடங்கிவிடும்.

லீஸில் அந்த நஷ்டம் நிறுவனத்தின் பக்கம் போகிறது. வண்டியைத் திருப்பித் தரும்போது அதன் மதிப்பு இவ்வளவு என்று முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறார்கள். சந்தை அதற்குக் கீழே போனால் சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் நடந்துவிடலாம். வண்டிகளைத் தன் கணக்கில் வைத்திருப்பவர் எவ்வளவு இழக்க முடியும் என்பதற்கு ஹெர்ட்ஸ் வாடகைக்கார் நிறுவனமே சாட்சி. 2021 அக்டோபரில் ஒரு லட்சம் டெஸ்லா வாங்கப்போவதாக அறிவித்தது. 2023ல் டெஸ்லா தன் புது வண்டிகளின் விலையைத் திரும்பத் திரும்பக் குறைத்தது, பழைய வண்டி விலையும் கூடவே சரிந்தது. 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்கார்களை விற்கப்போவதாகவும், தேய்மானக் கணக்கில் சுமார் 24.5 கோடி டாலர் கூடுதலாக எழுதுவதாகவும் ஹெர்ட்ஸ் சொன்னது. அப்போது அதன் தலைவராக இருந்த ஸ்டீபன் ஷெர், முன்பு அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸின் தலைமை நிதி அதிகாரி. அப்படிப்பட்டவர் நடத்திய நிறுவனமே தடுமாறிய கணக்கை, சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் தனியாகச் சுமக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

சூடுபட்ட லீஸ் நிறுவனங்கள், வண்டி திரும்பி வரும்போது அதற்கு இருக்கும் மதிப்பைக் குறைத்துப் போடும், அதனால் மாதக் கட்டணம் ஏறும் என்பதும் உண்மை. அரசு கைகொடுக்கிற இடத்தில்தான் லீஸ் சாமானியருக்கு எட்டுகிறது. பிரான்ஸ் 2024 தொடக்கத்தில், வருமானம் குறைந்தவர்களுக்கு மாதம் 100 யூரோவிலிருந்து மின்கார் லீஸ் கொண்டுவந்தது. விண்ணப்பங்கள் குவிந்ததில் சில வாரங்களிலேயே அந்த வருடத்துக்கான திட்டத்தை மூட வேண்டியதாயிற்று. ஏழைகளுக்கு மின்வாகனத்தில் ஆர்வமில்லை என்று பேசுகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழியில் வண்டி உங்களுடையது, பேட்டரி மட்டும் வாடகை. வாங்கும் விலை சட்டென்று இறங்கும். ஆனால் பிரெஞ்சு நிறுவனம் ரெனோவின் ஸோயி மின்காரைப் பேட்டரி வாடகையோடு வாங்கியவர்கள் அதை விற்கப்போனபோது சிக்கினார்கள். வாங்குகிறவர் வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்து ஏற்க வேண்டும் என்றதும் பலர் பின்வாங்கினார்கள். பேட்டரி உங்களுடையது இல்லை என்றால், சார்ஜ் ஏறக் காத்திராமல் அதையே மாற்றிக்கொள்ளவும் முடியும். அப்படிப் பேட்டரி மாற்றும் நிலையங்களை நம்பி 2007ல் தொடங்கிய பெட்டர் பிளேஸ் நிறுவனம் 2013ல் திவாலானது. சீனாவின் கார் நிறுவனமான நியோ 2018ல் அதே யோசனையைக் கையில் எடுத்து, 2020ல் பேட்டரி வாடகையையும் தொடங்கியது. கார் நிலையத்துக்குள் தானே பின்னோக்கி நுழைகிறது, அடியிலுள்ள போல்ட்டுகளை இயந்திரம் கழற்றுகிறது, தீர்ந்த பேட்டரி கீழே இறங்கி நிறைந்தது ஏறுகிறது. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழவே வேண்டாம், சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். நிலையங்கள் நெருக்கமாக இல்லாத ஊரில் இந்த வசதிக்கு அர்த்தமில்லை. நாள் முழுக்க ஸ்கூட்டர் ஓட்டும் டெலிவரிக்காரருக்கு மட்டும் இதையே முதலில் சொல்வேன். சார்ஜ் ஏறும்வரை காத்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவருக்குக் கூலி போகிற நேரம்.

புதுக் காரை மூன்று, நான்கு வருடத்தில் மாற்றுகிறவருக்கு என் பரிந்துரை லீஸ்தான். கிலோமீட்டர் வரம்பையும், இடையில் முறித்தால் கட்ட வேண்டிய தொகையையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நீண்ட நாள் வைத்திருப்பவருக்குக் கடன். லீஸ் முடிந்து வரும் பழைய வண்டியை வாங்குகிறவருக்கும் கடன்தான், முதல் பெரிய சரிவை இன்னொருவர் ஏற்கெனவே தாங்கிவிட்டார். அங்கே கேட்க வேண்டியது பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கை, அதாவது புதிதாக இருந்தபோதைய கொள்ளளவில் இன்னும் எத்தனை சதவீதம் மிச்சம் என்பது. ஒரே மாடல், ஒரே வருடம், ஓடிய தூரமும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் ஒன்றில் 94 சதவீதம், மற்றதில் 83 என்றால், அந்த இரண்டையும் ஒரே விலைக்கு மதிப்பிட என் கை வராது.