கடல்ல எண்ணெய் கொட்டினா எது சரி: பூமா, நெருப்பா, மருந்தா?

2020 செப்டம்பர்ல நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் இலங்கையின்ர கிழக்குக் கரையில சங்கமன்கண்டிக்கு வெளியால எரியேக்க உள்ள கிடந்தது 2,70,000 தொன் மசகு எண்ணெய், அது கொட்டேல்ல, கப்பல் ஓட்ட வச்சிருந்த எரிபொருள்தான் கசிஞ்சது. அண்டையில இருந்து எனக்கு ஒரே யோசினை, அவ்வளவும் வாடைக்காத்து நேரத்தில கொட்டி திருகோணமலை நிலாவெளிப் பக்கம் தள்ளுப்பட்டு வந்திருந்தா எதால அள்ளுறது எண்டு.

எனக்கு முதல் விருப்பம் பூம், அதான் தண்ணியில மிதக்கிற தடுப்பு, அதைப் போட்டு வளைச்சு, மேல கிடக்கிற எண்ணெயை ஸ்கிம்மர் எண்ட மெசினால உறிஞ்சுறது, கரைவலை வளைக்கிற மாதிரித்தான், எண்ணெயைக் கடலை விட்டே வெளிய எடுக்கிற வழி இது. ஆனா நீரோட்டம் 0.7 நொட்டைத் தாண்டினா, அது ஆறுதலா நடக்கிற வேகம்கூட இல்ல, குறுக்க போட்ட பூமுக்குக் கீழால எண்ணெய் நழுவிடும், அலை எழும்பினா மேலாலயும் பாயும். 2010ல மெக்சிகோ வளைகுடாவில எண்ணெய்க் கிணறு வெடிச்சுக் கொட்டினப்ப, அவ்வளவு படகு விட்டும் ஸ்கிம்மரால எடுத்தது கொட்டினதில 3 வீதமளவுதான்.

அங்க எரிச்சது 5 வீதமளவு, அதை விடக் கூட. எண்டாலும் எண்ணெய்ப் படை 2, 3 மில்லிமீட்டர் தடிப்பில கிடக்க வேணும், மெல்லிசாப் போனா கீழ இருக்கிற தண்ணி சூட்டை இழுத்துப்போடும். அலையில அடிபட்டு அடிபட்டு தண்ணியக் குடிச்சு மூண்டு நாலு மடங்கு பெருத்து மண்ணிறக் களியாகிட்டா பிறகு நெருப்புப் பத்தாது. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல புகை வெளிக்கடலுக்குப் போகும், அப்ப தூரத்தில எரிக்கலாம். வாடையில வேண்டவே வேண்டாம்.

மருந்து, அதான் டிஸ்பெர்சன்ட், இதிலதான் நிறையப் பேர் ஏமாறுறது. ஒருக்கா வாளித் தண்ணியில கொஞ்சம் எஞ்சின் ஒயில் ஊத்தி, கோப்பை கழுவுற லிக்குயிட் ரெண்டு சொட்டு விட்டுக் கலக்கிப் பாத்தன். மேல மினுங்கின படை இல்ல, ஆனா வாளி முழுக்கக் கலங்கல். எண்ணெய் எங்கயும் போகேல்ல, கீழ இறங்கிட்டு, அவ்வளவுதான். கொந்தளிக்கிற ஆழக்கடல்ல நேரத்தோட அடிச்சா நல்லம், அலையே கலக்கிக் குடுக்கும், சிறுதுளியைக் கிருமி தின்னும். நிலாவெளிக்கு முன்னால இருக்கிற புறாத்தீவுக்குக் கிட்ட அடிச்சா அந்தக் கலங்கல் பவளப்பாறைக்கு மேலதான் இறங்கும். 1967ல டொரி கனியன் கப்பல் எண்ணெய்க்கு இங்கிலாந்துக் கரையில 10,000 தொன் அளவு மருந்து அடிச்சு, பாறையில ஒட்டியிருந்த சிப்பி இனங்கள் எண்ணெயால செத்ததை விட மருந்தால செத்ததுதான் கூட. இப்பத்தைய மருந்தில அவ்வளவு நஞ்சு இல்லத்தான், எண்டாலும் பவளத்துக்கு மேல நான் விடன்.

கரையில ஏறிட்டா மண்வெட்டி, வாளி, கை. அலாஸ்காவில 1989ல எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க்கு சுடுதண்ணி பீச்சியடிச்சு, தப்பியிருந்த சீவனையும் அவிச்சுப்போட்டாங்கள், கொட்டியாரக்குடாக் கண்டலுக்குள்ள அந்த வேலை பாக்கவே கூடாது.

அப்ப என்ர தெரிவு: அமைதியான மாசத்தில பூம், மிஞ்சினதுக்கு நெருப்பு. வாடையில ஆழத்தில மட்டும் மருந்து, இருக்கிற பூம் எல்லாம் களப்பு வாயளுக்கு. அந்தப் பூம் திருகோணமலையிலயே கிடக்க வேணும், அதை இழுத்துப் போடக் கரைவலைக்காரருக்கு இப்பவே பழக்க வேணும், நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் அவைதான்.