அலுமினிய பானட்: ஐந்து வருடத்துக்குப் பிறகு, ஒரு டிங்கரிங்குக்குப் பிறகு

எஞ்சின், மைலேஜ், சீட் பற்றியெல்லாம் எழுதியவர்கள் நிறைய. இது பானட்டைப் பற்றி மட்டும். பாடி முழுக்க எஃகு, பானட் மட்டும் அலுமினியம் என்று வரும் வண்டி இது. உங்கள் வண்டி எப்படி என்று தெரியாவிட்டால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். தகடாக இருந்தும் காந்தம் ஒட்டவில்லை என்றால் அலுமினியம்தான்.

உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஒடுக்கு. விபத்து எதுவும் இல்லை; பானட்டை மூடும்போது விழுந்தவை. ஐந்து வருடமாக இந்த வண்டியில் எரிச்சல் தரும் ஒரே விஷயம் இதுதான்.

நம் ஊரில் பானட் மூடுகிற பழக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். கீழே இறக்கி, கொக்கியின் மேல் சும்மா உட்காரவைத்து, இரண்டு கையாலும் ஓர் அமுக்கு. வாட்டர் வாஷ் கடையிலும் சரி, ஆயில் மாற்றுகிற இடத்திலும் சரி. எஃகு பானட் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். அலுமினிய பானட்டில் வெளித்தகட்டுக்கும் உள்சட்டத்துக்கும் நடுவே ரப்பர் போன்ற பசைப் பொட்டுகள் அங்கங்கே இருக்கும். இரண்டு பொட்டுக்கு இடைப்பட்ட இடத்துக்கு அடியில் தாங்கல் கிடையாது. உள்ளங்கை அங்கே பட்டால் தகடு உள்வாங்கிவிடும். மூட வேண்டிய முறை வேறு: 20 முதல் 30 செ.மீ. உயரத்திலிருந்து கையை விட்டுவிட வேண்டும், தன் எடையில் விழுந்து பூட்டிக்கொள்ளும். பூட்டவில்லை என்றால் மறுபடி தூக்கி இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து விட வேண்டும். அமுக்கவே கூடாது.

பொருளின் மேல் குறை சொல்ல மனம் வரவில்லை. விறைப்பில் அலுமினியம் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான்: 210 ஜிகாபாஸ்கலுக்கு எதிரே 70. ஆனால் தகட்டின் வளையாத்தன்மை தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடும் என்பதால், 0.7 மி.மீ. எஃகு இருந்த இடத்தில் 1 மி.மீ. அலுமினியம் போட்டால் ஈடாகிவிடுகிறது. அடர்த்தியோ 7.85-க்கு 2.7. கணக்குப் போட்டால் பானட்டின் எடை ஏறத்தாழப் பாதி. போல்ட்டில் மாட்டுகிற பாகம், எஃகு பாடியோடு வெல்டிங் சேர்க்கை கிடையாது. கம்பெனிகள் எடைக் குறைப்பைப் பெரும்பாலும் பானட்டிலிருந்து தொடங்குவது இதனால்தான்.

மைலேஜ் கூடுமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. எடையில் 10 சதவீதம் குறைந்தால் எரிபொருளில் 6, 7 சதவீதம் மிச்சம் என்பது பொதுவான கணக்கு. 1,500 கிலோ வண்டியில் 8 கிலோ குறைந்தால், லிட்டருக்கு 15 கி.மீ. ஓடுவது 15.05 ஆகும். கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற நன்மை வேறு. ஹைவேயில் கல் தெறித்துப் பெயிண்ட் போன இடங்கள் கடற்கரை ஊர்க் காற்றிலும் சாம்பல் நிறமாகவே இருக்கின்றன. ஒரு செம்புள்ளி இல்லை. அதே வயதுக் கதவின் கீழ் ஓரத்தில் துரு தொடங்கிவிட்டது.

சிக்கல் டிங்கரிங்கில். எஃகுக்குப் பழகிய கையும் கருவியும் இதற்கு ஆகாது. ஒடுக்கை இழுக்க, பிடித்து இழுப்பதற்கான சிறு அலுமினிய ஆணியை (ஸ்டட்) தகட்டில் ஒட்டும் தனி மெஷின் வேண்டும். எஃகுக்கு வாஷர் வைத்து இழுக்கும் மெஷின் இதில் பிடிக்காது. குளிர்ந்த தகட்டைத் தட்டினால் இறுகி விரிசல் விடும். ஹீட் கன்னால் சுமார் 150 டிகிரிக்குச் சூடேற்றி, மரச் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்ட வேண்டும். கேஸ் நெருப்பைக் கிட்டே கொண்டுவரக் கூடாது. எஃகு உருகுமுன் சிவக்கும். அலுமினியம் நிறமே மாறாமல் 660 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பே இளகித் தொங்கிவிடும். அதனால் வெப்பத்தைக் காட்டும் சாக் குச்சியோ தெர்மாமீட்டரோ இல்லாத கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள். பானட் தகடு பெரும்பாலும் மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த 6000 வரிசை அலுமினியக் கலவை. தொழிற்சாலையில் பெயிண்டைச் சுமார் 180 டிகிரியில் சுடும்போது இன்னும் கெட்டியாகும்படி செய்தது. அதிகச் சூட்டில் அந்தக் கெட்டி போய்விடும். அப்புறம் அதே இடம் விரல் அழுத்தத்துக்கே உள்ளே போகும்.

இன்னும் மோசமானது இரும்புத்தூள். பக்கத்தில் இரும்பு கிரைண்டிங் நடந்தாலோ, எஃகைத் தேய்த்த அதே உப்புத்தாளை இதிலும் ஓட்டினாலோ, துகள்கள் அலுமினியத்தில் பதிந்துவிடும். ஈரம் பட்டதும் இரண்டு உலோகத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். சில மாதத்தில் பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி கொப்புளம். பானட்டின் முன் ஓரத்தில், தகடு மடிந்திருக்கும் இடத்தில்தான் முதலில் வரும், தண்ணீர் தேங்குவது அங்கே. அதன்மேல் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கு மறுபடி எழும்பும். உலோகம் தெரியும் வரை தேய்த்து, ஆக்ஸைடு படலம் தடிப்பதற்குள் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்து, மடிப்பை மீண்டும் சீலன்ட் போட்டு அடைக்க வேண்டும். முதல் முறை போன கடையில் இதில் எதையும் செய்யவில்லை. கேட்டதற்கு "எல்லாம் தகரம்தானே சார்" என்று பதில் வந்தது. இரண்டாவது கடை எல்லாவற்றையும் முறையாகச் செய்தது. கூலி இரட்டிப்பு, நியாயமான கூலி.

ஆகவே அடுத்த வண்டி எடுக்கும்போது எஃகு பானட் இருக்கிற வண்டியைத்தான் தேடுவேன். பொருள் நல்லது, எடை பாதி, துரு இல்லை, எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு சர்வீஸிலும் "அமுக்காதீங்க, விடுங்க" என்று பானட் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்க முடியாது.

டிங்கரிங் முடிந்து கடையிலிருந்து வண்டியைத் திரும்ப எடுக்கும்போது இரண்டைப் பாருங்கள். கீல் போல்ட் பழையதா, அல்லது தொழிற்சாலைப் பூச்சுள்ள அதே வகைப் புதியதா என்பது ஒன்று. பூச்சில்லாத சாதா போல்ட் போட்டிருந்தால் அதைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். அடுத்தது பெயிண்ட் தடிமன். காந்த வகை மீட்டர் இதில் அளக்காது. காந்தம் ஒட்டாத உலோகத்திலும் அளக்கும் எடி கரண்ட் வகை மீட்டர்தான் சரியான எண் காட்டும். கம்பெனி பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். 500-க்கு மேல் போனால் ஒடுக்கு இன்னும் உள்ளேயே இருக்கிறது, பட்டி அதை மூடியிருக்கிறது என்று பொருள்.