சைக்ளோஸ்போரின் கண் சொட்டு: மருந்தோடு சமாதானம், குப்பியோடு சண்டை

கண் வறட்சிக்காக நண்பர் ஒருவருக்கு சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "போட்டால் எரிகிறது, பலன் ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார். 0.05 சதவீத சொட்டை ஒரு வருடத்துக்கும் மேலாகக் காலையும் இரவும் போட்டு வருகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எரியும். முதல் சில வாரங்கள் நன்றாகவே எரியும். எரிச்சலைவிட எரிச்சலூட்டுவது, அப்போது அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்பதுதான். செயற்கைக் கண்ணீரை விட்டால் அந்த நிமிடமே இதமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் பழைய உறுத்தல் திரும்பிவிடும். இது நேர்மாறு. கண்ணை நனைப்பது இதன் வேலையே இல்லை. கண்ணின் மேற்பரப்பிலும் கண்ணீர்ச் சுரப்பியிலும் அழற்சியைக் கிளப்பிவிடும் டி செல்களை, அதாவது நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களை, அடக்குகிறது. அழற்சி தணிந்தால்தான் சுரப்பி பழையபடி சுரக்கும். அதற்கு மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். உறுப்பு மாற்று சிகிச்சையில் உடல் புது உறுப்பை நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் அதே மருந்து என்று படித்தபோது எனக்குத் திக்கென்றது. ஆனால் இந்தச் சொட்டிலிருந்து ரத்தத்தில் சேர்வது அளந்து சொல்ல முடியாத அளவுக்குக் குறைவு.

ஆரம்பத்தில் கூடவே ஸ்டீராய்டு சொட்டும் சில வாரம் தந்தார்கள். அது சில நாளிலேயே சுகம் காட்டியது. காட்டும், அதுதான் ஆபத்தும். நாமாக அதை நீட்டித்துக்கொண்டே போனால் கண்ணழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம். சைக்ளோஸ்போரினுக்கு அந்தப் பயம் இல்லை; அதனால்தான் நீண்ட ஓட்டத்துக்கு அதை வைக்கிறார்கள்.

சரி, இப்போது அந்தக் குப்பிக்கு வருகிறேன்.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் குப்பி. உள்ளே 0.4 மில்லிலிட்டர். கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு சொட்டு போக, பெரும்பகுதி மிச்சம். மூடி வைத்து இரவுக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்காத மருந்து, திறந்துவிட்டால் கிருமி தொற்றலாம். பாதுகாப்புப் பொருள் சேர்க்காததற்கும் காரணம் உண்டு: கண் சொட்டுகளில் பரவலாகச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு, ஏற்கெனவே வறண்ட கண்ணை இன்னும் புண்ணாக்கும். நியாயமெல்லாம் புரிகிறது. புரிந்த பிறகும் தினமும் இரண்டு வேளை நல்ல மருந்தைக் குப்பையில் போடும்போது வயிறு எரிகிறது.

திறப்பது தனிக் கலை. சைக்ளோஸ்போரின் தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் ஆமணக்கெண்ணெய் சேர்த்துப் பால் போன்ற குழம்பாகச் செய்திருக்கிறார்கள். முதலில் குப்பியைச் சிலமுறை கவிழ்த்து நிமிர்த்தி, சீரான வெள்ளையாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் தலையைத் திருகிப் பிய்க்க வேண்டும். பிய்த்த இடத்தில் சில சமயம் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில், நுனி இமையில் படாமல் அமுக்க வேண்டும்! மெதுவாக அமுக்கினால் சொட்டு வராது. கொஞ்சம் பலம் கொடுத்தால் கன்னத்தில் வழியும். பாதுகாப்புப் பொருள் இல்லாமலே, ஒருவழி வால்வு வைத்து, பல நாளுக்கு வரும் பாட்டிலும் தயாரிக்கிறார்கள். அதாவது இதற்கு வழி கண்டுபிடித்தாகிவிட்டது. இருந்தும் என் கைக்கு வருவது குப்பிதான்.

நடுவில் லிஃபிடெக்ராஸ்டுக்கும் மாறிப் பார்த்தேன். அழற்சி செல்கள் திசுவில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிற, 2016இல் வந்த மருந்து. கண்ணில் விட்டது கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கி, வாயில் உலோகச் சுவை. கண்ணின் உள்மூலையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் குறைகிறது, போவதில்லை. சாப்பாட்டு ருசியைக் கெடுக்கிற கண் மருந்தோடு எனக்கு ஒத்துவரவில்லை, பழையதற்கே திரும்பிவிட்டேன்.

பலனா? இருக்கிறது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முன்பெல்லாம் காலையில் இமை கண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மெல்லப் பிரித்துத்தான் திறக்க வேண்டும். அது என்றைக்கு நின்றது என்றே எனக்குத் தெரியாது. பையில் கிடந்த செயற்கைக் கண்ணீர் பாட்டில், திறந்த பிறகு வைத்திருக்கக்கூடிய காலம் முடிந்தும் பாதிக்கு மேல் மிச்சம் இருப்பதைப் பார்த்துத்தான் யோசித்தேன். இமைக்குள் தாள் செருகி ஐந்து நிமிடம் நனைவதை அளக்கும் ஷிர்மர் பரிசோதனையிலும் ஈரம் கூடியிருந்தது. எல்லாருக்கும் இப்படி என்று சொல்ல மாட்டேன். இமை விளிம்பிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்து, கண்ணீர் சீக்கிரம் ஆவியாவதால் வரும் வறட்சிக்கு இந்தச் சொட்டு மட்டும் போதாது. வெதுவெதுப்பான ஒத்தடம் மாதிரி வேறு வேலைகளும் இருக்கின்றன.

ஆகவே நண்பரே, எரிகிறது என்பதற்காக இப்போதே விடாதீர்கள். எரிச்சல் நாளாக நாளாகக் குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ, வலித்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். இன்று காலை அடுத்தடுத்து இரண்டு குப்பி கன்னத்தில் வழிந்தது. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது அந்த வால்வு வைத்த பாட்டில் கிடைக்குமா என்று கேட்கப் போகிறேன். கிடைக்காவிட்டால் இதே குப்பிதான், வேறென்ன செய்ய.